நாமக்கல் கவிஞர்

வள்ளல் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு அணித்தாயுள்ள நாமக்கல்லின் பெயரையே தம் பெயராகக் கொண்டு விளங்கியவர் வெ. இராமலிங்கம் பிள்ளையவர்கள். அவர் 1888-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆந் தேதி காவிரிக்கரை மோகனூரிற் பிறந்தார். தந்தையார் போலீஸ் இலாகாவில் ஊழியம் புரிந்தவர். நம்மைப் போன்றே மிஷன் கல்லூரி மாணவராய், திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியிற் பயின்றார்.

தாலுகா கச்சேரியிற் குமாஸ்தாவாகவும், பின்னர் உபாத்தியாயராகவும் அமர்ந்தாராயினும், அவ்வுத்தியோகங்களில் அவர் மனம் நிலைக்கவில்லை. நிலையான சம்பளத்தைத் துறந்து, சித்திரந் தீட்டுதலையே ஜீவனமாகக் கொண்டார். தேசத் தொண்டு அழைத்தபோது அதற்கும் தம்மை ஈந்தார். 1930-இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியினின்று வேதாரணியம் சென்ற உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள், அவர் இயற்றிய பாட்டைப் பாடியே வழிநடந்தனர். போலீஸ் ஊழியரின் மைந்தர் 1932-இல் ஓராண்டுச் சிறைவாசமும் ஏற்றார்.

சுதந்திரம் வந்தபின், 1949-இல் சென்னை அரசாங்கம் அவரை அரசவைக் கவிஞராக்கியது. சட்ட மேலவையிலும் அங்கம் வகித்தார். அவர் எழுதிய மலைக்கள்ளன் என்னும் நாவல் 1954-இல் திரைப்படமாகி, ஏடறியாத பாமரரையும் எட்டியது. 1971-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1972 ஆகஸ்டு 24-இல் மறைந்தார். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டிடம் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

கச்சேரிக் குமாஸ்தாவாகவே அவர் இருந்திருப்பின், அம்மாளிகைக்கு அப்பெயர் வாய்த்திராது. பட்டம் பெற்றதும் உத்தியோகம் ஒன்றையே நாடும் நாம், இதனைச் சிறிது சிந்திப்போமாக.