காற்றிலிருந்து எரிவாயு எடுத்தவர்

தண்ணீரும் காற்றும் இருந்தால் எரிபொருள் செய்ய முடியுமா? அதற்கு வழி காட்டியவர் பால் சபாட்டியே. 1854-ல் தென் பிரான்சில் கார்காசோன் என்ற ஊரில் பிறந்தார். பாரிஸில் படித்தவர், 1882-ல் துலூஸ் நகரத்துக்கு வந்து கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார். பாரிஸ் பல்கலைக்கழகம் கூப்பிட்டும் போகவில்லை! தலைநகர் போனால்தான் முன்னேறலாம்னு எங்க ஊரில் சொல்வார்கள். வீட்டிலேயே முதலாவதாகப் படிக்க வந்த எனக்கு இவர் கதை தெம்பாக இருந்தது.

1902-ல் சாந்தரன்ஸ் என்ற பாதிரியாரோடு சேர்ந்து, சூடான நிக்கல் தூள் மேல் கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் செலுத்தினார். மீத்தேனும் தண்ணீரும் கிடைத்தன. சாண எரிவாயுவில் இருக்கே, அதே மீத்தேன்தான். நிக்கலோ தீரவே இல்லை, அதுதான் வினையூக்கி. 1912-ல் நோபல் பரிசு கிடைத்தது. எண்ணெயை வனஸ்பதியாக்குவதும் இந்த நிக்கல் வழியில் வந்ததுதான்.

ஆனால் ஹைட்ரஜன் சும்மா வராது. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கணும். செலவான மின்சாரத்தைவிடக் குறைந்த சக்திதான் மீத்தேன் எரியும்போது திரும்பும். வினையூக்கி வேகத்தைக் கூட்டும், சக்தியைத் தராது. தண்ணியிலேயே வண்டி ஓடும்னு யாராவது சொன்னா, கரண்ட் எங்கேயிருந்துன்னு கேளுங்க!

சபாட்டியே 1941-ல் துலூஸில் காலமானார். 2010-ல் அவர் பெயர் தாங்கிய கருவி விண்வெளி நிலையத்துக்குப் போய், வீரர்கள் விட்ட மூச்சிலிருந்து தண்ணீர் தயாரித்தது. கூடவே வந்த மீத்தேனை வெளியே விட்டுவிட்டார்கள்.