5 நிமிடத்தில் முடிந்ததா சூரியச் சுடர்? கேரிங்டன் கண்ணுக்குத் தப்பிய மிச்சக் கதை

அப்பா பீர் ஆலை முதலாளி. மகன் பாதிரியார் ஆவார் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ஆனால் கேம்பிரிட்ஜில் கேட்ட வானியல் வகுப்புகள் ரிச்சர்ட் கேரிங்டனின் ரூட்டையே மாத்திடுச்சு.

1826-ல் லண்டனில் பிறந்தவர். டர்ஹாம் பல்கலைக்கழக வேலையை, நல்ல கருவிகள் இல்லை என்று உதறிவிட்டு, ரெட்ஹில்லில் சொந்தக் காசில் ஆய்வகம் கட்டினார். இரவில் நட்சத்திரம், பகலில் சூரியப் புள்ளி. சூரியனின் நடுப்பகுதி வேகமாகவும் துருவப் பக்கம் மெதுவாகவும் சுற்றுகிறது என்று கண்டுபிடித்தது இந்தப் பொறுமைதான்.

1859 செப்டம்பர் 1, காலை 11.18. திரையில் விழுந்த சூரிய பிம்பத்தில் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென இரண்டு இடங்களில் கண்ணைக் கூசும் வெள்ளை ஒளி. சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பினால், ஒளி மங்கத் தொடங்கியிருந்தது. மொத்தமே 5 நிமிடம்தான். நல்லவேளை, ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரும் வேறொரு இடத்தில் இருந்து அதைப் பார்த்திருந்தார்.

லண்டன் அருகே கியூ ஆய்வகத்தின் காந்தக் கருவியில் அதே நேரத்தில் ஒரு சின்ன அசைவு பதிவாகியிருந்தது. சுமார் பதினேழரை மணி நேரம் கழித்து பெரும் காந்தப் புயல். தந்திக் கம்பிகள் தாறுமாறாயின; மும்பை கொலாபா ஆய்வகத்திலும் காந்தமானி எகிறியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அடித்துச் சொல்ல கேரிங்டன் தயங்கினார். ஒரே ஒரு சம்பவத்தை வைத்து முடிவு சொல்லாத ஜாக்கிரதைக்காரர்.

அந்தச் சின்ன அசைவுக்குக் காரணம் இப்போது தெரியும். சுடரில் இருந்து வரும் எக்ஸ் கதிரும் அதி புற ஊதாக் கதிரும் எட்டே நிமிடத்தில் பூமிக்கு வந்து, மேல் வளிமண்டலத்தில் மின்னோட்டத்தைக் கூட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிர்களை கேரிங்டனின் டெலஸ்கோப் காட்டியிருக்க முடியாது.

பிந்தைய வாழ்க்கை அவருக்கு இனிக்கவில்லை. 1858-ல் அப்பா இறந்ததும் ஆலைப் பொறுப்பு தலையில் விழுந்தது. 1861-ல் சூரியக் கணக்கெடுப்பே நின்றது. 1875 நவம்பரில் மனைவி இறந்த சில நாட்களிலேயே அவரும் போய்விட்டார். வயது 49.

2010-ல் நாசா ஏவிய எஸ்டிஓ விண்கலம்தான் மிச்சக் கதையைச் சொன்னது. எல்லாச் சுடர்களிலும் இல்லை. சிலவற்றில் மட்டும், எக்ஸ் கதிர் அடங்கி பல நிமிடங்கள் முதல் சில மணி நேரம் கழித்து, அதி புற ஊதா ஒளி மறுபடி ஏறுகிறது. முதல் வெடிப்புக்கு மேலே உள்ள நீளமான காந்த வளைவுகளில் சூடான வாயு மெல்ல ஆறுவதும், அங்கே தொடர்ந்து சூடேறுவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

எக்ஸ் கதிர் அளவை மட்டும் பார்த்தால் இந்த இரண்டாம் ஏற்றம் கணக்கிலேயே வராது. ஆனால் அது பூமியின் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி விரியச் செய்யும். தாழப் பறக்கும் செயற்கைக்கோள்களுக்கு உராய்வு கூடும், ஜிபிஎஸ் சிக்னலும் பாதிக்கப்படலாம். கேரிங்டன் பார்த்த சுடருக்கு இப்படி ஒரு இரண்டாம் சுற்று இருந்ததா என்பதைப் பதிவு செய்ய 1859-ல் எந்தக் கருவியும் இல்லை.