படிப்பை இழந்தவர் திறந்த பள்ளிகள்

பெருந்தலைவர் காமராசரின் வாழ்க்கையை எண்ணும்போது, அவர் வகித்த பதவிகளைவிட அவர் இழந்த படிப்பே என் நெஞ்சில் முன்வந்து நிற்கிறது.

1903 சூலை 15ஆம் நாள் விருதுநகரில் குமாரசாமி, சிவகாமி அம்மையார் ஆகியோரின் மைந்தராகப் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். ஊரார் பிடியரிசி திரட்டி வளர்த்த சத்திரிய வித்தியாசாலையில் பயின்றார். கல்வி இலவசம், ஆனால் வீட்டில் வறுமை! ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமன் கருப்பையாவின் துணிக்கடைக்குச் சென்றார். பள்ளிக்கூடம் திறந்தேதான் இருந்தது. அந்தச் சிறுவனுக்கு மட்டும் அது மூடப்பட்டுவிட்டது.

விடுதலைப் போரில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. அங்கே நூல்களைப் படித்தார், ஆங்கிலமும் கற்றார். சிறைக்கூடமே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று.

1954 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரானார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகளைக் குடும்பத் தொழிலுக்கு அனுப்பும் திட்டம் அதற்கு முந்திய ஆண்டில் வந்திருந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தனர். காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. அத்துடன் அவர் ஓய்ந்தாரா? இல்லை! வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பதைத் தேடினார். தொலைவு தடையென்றால் ஊரருகே பள்ளி வந்தது. பசி தடையென்றால் 1956இல் மதிய உணவு வந்தது. கட்டணச் சுமையும் படிப்படியாக இறங்கியது. கல்வித் துறையை நடத்திய நெ. து. சுந்தரவடிவேலு உற்ற துணையாக நின்றார். 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊரார் கட்டடமும் பலகையும் சீருடையும் வழங்கினர். விருதுநகரின் பிடியரிசி நாடெங்கும் பெருகிற்று!

1975 அக்டோபர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் தேடிய விடை இன்றும் நமக்கு வேண்டியிருக்கிறது.

நான் வாழ்வது மாஹிமில். ரயில் பாதைக்குக் கிழக்கே தாராவி. கொரோனாவால் 2020 மார்ச்சில் மும்பைப் பள்ளிகள் மூடப்பட்டன; ஏழாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகள் 2021 டிசம்பரில்தான் மீண்டும் வகுப்புக்குள் நுழைந்தனர். அவ்வாண்டு மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வும் கைவிடப்பட்டது. நோய்க்காலத்தில் அது தேவையாக இருந்திருக்கலாம். மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்தது. கற்காமல் போன பாடம் வந்ததா?

கைப்பேசி வைத்திருந்த பிள்ளை வீட்டிலிருந்து படித்தது. இல்லாத பிள்ளை? எங்கள் தெருவில் ஒரு சிறுவன் தையல் பட்டறைக்கு நூல் வெட்டச் சென்றான். பள்ளி திறந்தபோது அவன் திரும்பவில்லை. துணிக்கடைக்குப் போன விருதுநகர்ச் சிறுவன்தான் என் கண்முன் நின்றான். ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வி உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் கதவைத் திறக்கலாம். கையைப் பிடித்து அழைத்துவர ஆள் வேண்டாமா?

தோழர்களே! காமராசருக்கு விழா எடுக்கிறோம், மாலை சூட்டுகிறோம். இவ்வாண்டு மாலைக்கு ஆகும் பொருளைப் புத்தகமாக்குவோம். வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளைத் தாராவிப் பிள்ளைகளுக்குத் தருவோம். வந்த பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கு முன், வராத பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்வோம்!