சீட்டில் ஜெயித்தார், உயிரை விட்டார்! 24 வயது பாஸ் கிடார் வாலிபரின் கதை

ராத்திரி பஸ்சில் சேலம், நாமக்கல் ரோட்டில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பஸ் கவிழ்ந்தால் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதில்தான் உயிரே இருக்கிறது.

பஸ்சில் ஒரு படுக்கைக்காக சீட்டு எடுத்து, அதில் ஜெயித்து, அந்தப் படுக்கையிலேயே உயிரை விட்டவர் அமெரிக்க பாஸ் கிடார் கலைஞர் கிளிப் பர்ட்டன். அப்போது அவருக்கு வயசு 24. அவர் இறந்தது 1986-ல். ஆனால் அவர் போட்ட மெட்டுகளை உலகம் முழுக்க பாஸ் கிடார் பழகும் பையன்கள் இன்றைக்கும் உட்கார்ந்து உருப்போடுகிறார்கள்.

அவருடைய வாழ்க்கை விவரம் வருமாறு:-

யாரும் பார்க்காத வாத்தியம்

நம்ம ஊர் திருவிழா இன்னிசைக் கச்சேரியில் பாடகர் முன்னால் நிற்பார். டிரம்ஸ் பக்கத்தில் நீளமான கிடாரை மாட்டிக்கொண்டு ஒருத்தர் சத்தமில்லாமல் நிற்பார். அதுதான் பாஸ் கிடார். வழக்கமாக 4 தடித்த கம்பிகள். தும், தும் என்று அடி வயிற்றிலிருந்து வருகிற சத்தம்.

டவுன் பஸ்சில் இளையராஜா பாட்டு ஓடும்போது நெஞ்சில் வந்து தட்டுகிறதே, அந்த சத்தம்தான். அது நின்றுபோனால் பாட்டு பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். ஆனாலும் வாசிக்கிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மெட்டல் இசையில் பாஸ் கிடாரின் பாடு இன்னும் மோசம். நாமக்கல் லாரி பட்டறையில் தகடு அடிக்கிற சத்தத்தோடு போட்டி போடுகிற இசை அது. கிடார் ஒலியைக் கரகரக்க வைத்து, டிரம்சைப் போட்டு வெளுப்பார்கள். பாஸ் கிடார்காரர் பெரும்பாலும் கிடார் போகிற வழியிலேயே நிழல் மாதிரி பின்னால் போவார். நிழலாக இருக்க மாட்டேன் என்று தனி வழி போட்டவர் பர்ட்டன்.

அண்ணன் சாவு

கலிபோர்னியா மாநிலம் காஸ்ட்ரோ வேலி என்ற ஊரில் 1962-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி பிறந்தார். அப்பா பெயர் ரே. அம்மா ஜேன். கிளிப்தான் கடைக்குட்டி. சின்ன வயசில் பியானோ கற்றுக்கொண்டார்.

1975-ல் வீட்டில் இடி விழுந்தது. அண்ணன் ஸ்காட் திடீரென்று இறந்துபோனார். கிளிப்புக்கு அப்போது 13 வயசு.

அந்த துக்கத்தில்தான் பாஸ் கிடாரைக் கெட்டியாகப் பிடித்தார். அண்ணனுக்காகவே பெரிய பாஸ் கலைஞனாக வரவேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தினசரி 4 மணி, 6 மணி நேரம் சாதகம். பெயர் வாங்கிய பிறகும் அதை விடவில்லை. ராக் இசை மட்டுமல்ல, ஜாஸ், பழைய ஜெர்மன் மேதை பாக்கின் சங்கீதம் எல்லாவற்றையும் படித்தார்.

நிபந்தனை

1982-ல் டிராமா என்ற குழுவோடு லாஸ் ஏஞ்சல்ஸ் நகர கிளப் ஒன்றில் வாசித்தார். அதே ஊரில் மெட்டாலிக்கா என்ற புதுக்குழுவை நடத்தி வந்த லார்ஸ் உல்ரிச், ஜேம்ஸ் ஹெட்பீல்டு இருவரும் கூட்டத்தில் இருந்தார்கள். பிரமாதமாக கிடார் வாசிக்கிறாரே, யார் அவர் என்று எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் அது கிடார் அல்ல, பாஸ்!

எங்களோடு வந்துவிடு என்று கேட்டார்கள். பர்ட்டன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நான் உங்கள் ஊருக்கு வரமாட்டேன், நீங்கள்தான் எங்கள் பக்கம் வரவேண்டும். ஒரு பாஸ் கிடார்காரருக்காக மொத்தக் குழுவும் மூட்டை கட்டிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ பக்கம் குடிபோனது. 1983 மார்ச் 5-ந் தேதி அந்த நகரில் அவர் மெட்டாலிக்காவோடு முதல் மேடை ஏறினார்.

அடியிலிருந்து கட்டிய பாட்டு

அந்த ஆண்டே வந்த முதல் இசைத்தட்டில் பாஸ் கிடாருக்கென்றே தனி உருப்படி வாசித்தார். பிளாஸ்டிக் வில்லை இல்லாமல் விரல்களாலேயே மீட்டுவார். காலால் மிதிக்கிற பெட்டியை வைத்து பாஸ் ஒலியை அழவும் உறுமவும் செய்வார்.

அவருடைய சூட்சுமம் இதுதான். மேலே கிடார் ஒரே இடத்தில் நிற்கட்டும். அடியில் பாஸ் ஒரு சுரம் நகர்ந்தால் போதும், அதே கிடார் ஒலி சோகமாகிவிடும். இன்னொரு சுரம் நகர்ந்தால் கோபமாகிவிடும். இந்த சங்கீத இலக்கணத்தை ஹெட்பீல்டுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

1984-ல் வந்த இரண்டாவது இசைத்தட்டில் கோவில் மணி போல ஒலித்துத் தொடங்கும் பாட்டு ஒன்று உண்டு. தொடக்கத்தில் கேட்பது கிடார் என்றுதான் பலர் நினைத்தார்கள். அது பர்ட்டனின் பாஸ்.

1986 மார்ச்சில் மூன்றாவது இசைத்தட்டு வந்தது. அதில் ஓரியன் என்ற உருப்படி 8 நிமிஷத்துக்கு மேல் ஓடும். பாட்டு வரிகளே கிடையாது. நடுவில் எல்லா சத்தமும் ஓய்ந்து, பாஸ் மட்டும் மெதுவாக ஒரு மெட்டைத் தொடங்கும். மற்ற வாத்தியங்கள் அதன் மேல்தான் ஒவ்வொன்றாக வந்து ஏறும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2016-ல் இந்த இசைத்தட்டை, காப்பாற்ற வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் சேர்த்தது.

இஸ்பேட் ஆஸ்

அதைப் பார்க்க பர்ட்டன் இல்லை. 1986 செப்டம்பர் 26-ந் தேதி சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் கச்சேரி. முடிந்ததும் டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கு ராத்திரியோடு ராத்திரியாக பஸ்சில் கிளம்பினார்கள். நல்ல படுக்கை யாருக்கு என்று சீட்டு எடுத்தார்கள். பர்ட்டனுக்கு விழுந்தது இஸ்பேட் ஆஸ். கிடார் கலைஞர் கிர்க் ஹாமெட்டின் படுக்கையைக் கேட்டு வாங்கிப் படுத்தார்.

27-ந் தேதி விடியற்காலை. லியுங்பி என்ற ஊர் அருகே பஸ் சறுக்கி நிலைதடுமாறிக் கவிழ்ந்தது. தூக்கத்திலேயே ஜன்னல் வழியாகத் தூக்கி எறியப்பட்ட பர்ட்டன் மீது பஸ் விழுந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. குழுவின் மற்ற மூவரும் தப்பினார்கள்.

ரோட்டில் பனி உறைந்து சறுக்கிவிட்டது என்றார் டிரைவர். ஹெட்பீல்டு அந்தக் குளிரில் ரோட்டில் நடந்து நடந்து பனியைத் தேடினார். கண்ணில் படவில்லை. போலீசார் விசாரித்தார்கள். டிரைவர் மீது வழக்கு இல்லை என்று முடிந்தது. பனியா, வேறு காரணமா என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை.

இறுதிச் சடங்கில் ஓரியன் ஒலித்தது. சில வாரத்தில் குழுவுக்கு வேறு பாஸ் கலைஞர் வந்தார். 1988-ல் அடுத்த இசைத்தட்டும் வந்தது. அதில் பாஸ் சத்தம் காதிலேயே விழவில்லை என்று ரசிகர்கள் இன்றைக்கும் குறைபடுகிறார்கள். இருந்தபோது கவனிக்காதவர்கள்கூட, இல்லாதபோது தேடினார்கள்.

2006-ல் விபத்து நடந்த இடத்தருகே நினைவுக்கல் வைத்தார்கள். 2011 அக்டோபர் 30-ந் தேதி மெட்டாலிக்கா நமக்குப் பக்கத்தில் பெங்களூரிலேயே வந்து கச்சேரி செய்தது. பர்ட்டன் போய் 25 வருஷம் ஆகியிருந்தது.

இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த அப்பா ரே 2020-ல் காலமானார். மகனுடைய பாட்டுகளுக்கு வந்த உரிமைப் பணத்தை, அவர் படித்த காஸ்ட்ரோ வேலி பள்ளியில் சங்கீதம் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகையாக அவர் கொடுத்து வந்தது குறிப்பிடத்தக்கது.