மண்ணுரிமை கேட்ட ஹாரி ஹேவுட்

அமெரிக்க நாட்டில் அடிமைகளாக விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் விடுதலைக்காகப் போராடிய வரலாற்றில் தலைவர் பலர் தோன்றியுள்ளனர். அவர்களுள் சிலருடைய பெயர்களை நம் அன்பர்கள் நன்கறிவர். கறுப்பின மக்களுக்கு வேண்டுவது சம உரிமை மட்டுமன்று, தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் உரிமையும் ஆகும் எனப் பொதுவுடைமைக் கட்சிக்குள் முப்பதாண்டுகள் வாதிட்டு, முடிவில் அக்கட்சியினின்றும் நீக்கப்பட்ட ஹாரி ஹேவுட் என்பாரை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அவருடைய வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஹேவுட் 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் நெப்ராஸ்கா மாநிலத்துத் தெற்கு ஒமாகா நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹேவுட் ஹால். தாய் ஹாரியெட், தந்தை ஹேவுட் ஆகிய இருவரும் அடிமைகளாகவே பிறந்தவர்கள். பிற்காலத்தில் அவர் பூண்ட ஹாரி ஹேவுட் என்னும் பெயர் தாய் தந்தையர் இருவர் பெயரையும் சேர்த்து அமைத்ததாகும்.

அக்குடும்பம் ஓட்டத்தின் கொடுமையை அறிந்த குடும்பம். உள்நாட்டுப் போருக்குப் பின்னர் டென்னசி மாநிலத்தில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் கூட்டம் கறுப்பின மக்களின் வீடுகளை இரவில் தாக்கி வந்தது. அங்ஙனம் வந்தவர்களில் ஒருவனைச் சுட்டு வீழ்த்திய ஹேவுட்டின் பாட்டனார், மனைவி மக்களோடு வடக்கே தப்பிச் சென்று அயோவா மாநிலத்தில் குடியேறினார். தந்தையோ அமைதியான இயல்பினர். புக்கர் வாஷிங்டனின் நெறியைப் போற்றியவர். உழைப்பாலும் பொறுமையாலும் வெள்ளையரின் நன்மதிப்பைப் பெறலாம் என்று நம்பி, ஒமாகாவின் இறைச்சித் தொழிற்சாலையில் ஆண்டுக்கணக்காக உழைத்தார். 1913-இல் வேலை முடிந்து திரும்பிய அவரை ஒரு வெள்ளையர் கும்பல் அடித்து, ஊரைவிட்டுப் போகாவிடில் உயிர் தப்பாது என்று மிரட்டியது. குடும்பம் மின்னியாபொலிஸ் நகருக்குப் பெயர்ந்தது. எதிர்த்து நின்ற பாட்டனாரும் ஓடினார்; பணிந்து நடந்த தந்தையும் ஓடினார். பதினைந்து வயதுச் சிறுவன் மனத்தில் இது ஆழப் பதிந்தது.

புதிய ஊரின் பள்ளியில் அவன் வகுப்பறைக்குள் நுழைந்தபோது, வெள்ளைப் பிள்ளைகள் அடிமைகளை எள்ளி நகையாடும் பாட்டுக்களைப் பாடிக்கொண்டிருந்தனர். அத்துடன் பள்ளிப் படிப்பு முடிந்தது. காலணிக்கு மெருகிடுதல், புகைவண்டியில் உணவு பரிமாறுதல் முதலிய வேலைகளைச் செய்து வாழ்ந்தான். பின்னர் சிகாகோ நகரில் குடியேறி, முதல் உலகப் போரில் கறுப்பினத்தார் மட்டுமே கொண்ட 370-ஆம் காலாட்படையிற் சேர்ந்து பிரான்சு நாட்டிற்குச் சென்றார்.

போர் முடிந்து திரும்பிய வீரருக்குத் தாய்நாடு அளித்த வரவேற்பு யாது? 1919 ஜூலை 27-இல் மிச்சிகன் ஏரியில் நீராடிய கறுப்பின இளைஞன் ஒருவன், வெள்ளையர்க்குரியதெனக் கருதப்பட்ட பக்கமாக மிதந்து சென்றமையால் கல்லெறிக்கு உள்ளாகி மூழ்கி மாண்டான். அதனையொட்டி எழுந்த கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தவர். மறுநாள் புகைவண்டி வேலையிலிருந்து நகருக்குத் திரும்பிய ஹேவுட், உடன் போர் புரிந்த நண்பர்களோடு துப்பாக்கி ஏந்தித் தம் குடியிருப்பைக் காக்க நின்றார். தாம் நடத்த வேண்டிய போர் கடல் கடந்த நாட்டிலன்று, பிறந்த நாட்டிலேயே உள்ளது என்பது அவருக்கு அன்று விளங்கியது.

அவர் 1922-இல் சிரில் பிரிக்ஸ் நிறுவிய ஆப்பிரிக்க இரத்தச் சகோதரத்துவம் என்னும் சங்கத்திலும், 1925-இல் பொதுவுடைமைக் கட்சியிலும் சேர்ந்தார். அவருடைய தமையன் ஓட்டோ ஹால் முன்னரே கட்சியில் இருந்தார். 1926-இல் மாஸ்கோ சென்ற ஹேவுட், கீழ்நாட்டு உழைப்பாளர் பல்கலைக்கழகத்திலும், பின்னர் லெனின் கல்லூரியிலும் பயின்றார். இந்தியா, சீனா முதலிய அடிமை நாடுகளின் மாணவர்கள் அங்கே பயின்று வந்தனர். அவர்களோடு பழகியமை, தம் மக்களின் நிலையைப் புதிய கண்கொண்டு நோக்கச் செய்தது.

அந்நாள் வரை அமெரிக்கச் சமதர்மவாதிகள் பலரும், கறுப்பின மக்களின் துன்பம் தொழிலாளர் துன்பத்தின் ஒரு பகுதியே, முதலாளித்துவம் ஒழிந்தால் அதுவும் ஒழியும், தனியே ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை என்று கருதினர். 1920-இல் லெனின், அயர்லாந்து மக்களோடு அமெரிக்கக் கறுப்பின மக்களையும் சேர்த்து ஒடுக்கப்பட்ட தேசங்களின் வரிசையில் வைத்திருந்தார். ஆயினும் அக்கருத்து அமெரிக்கக் கட்சியில் வேரூன்றவில்லை.

ஹேவுட்டும் தொடக்கத்தில் அதனை ஏற்றவரல்லர். நசானோவ் என்னும் உருசியத் தோழரோடு வாதிட்டும், மார்க்கஸ் கார்வியின் இயக்கத்தை எண்ணிப் பார்த்துமே அவர் மனம் மாறினார். ஆப்பிரிக்காவுக்குத் திரும்புவோம் என்ற கார்வியின் அழைப்பிற்கு ஏழை மக்கள் பேரளவில் செவிசாய்த்திருந்தனர். அதனை வெறும் மயக்கமென்று ஓட்டோ ஹால் ஒதுக்கினார். தம்பியோ, கார்வி காட்டிய வழி தவறாயினும், தமக்கென ஒரு நிலமும் ஆட்சியும் வேண்டுமென்னும் மக்களின் ஏக்கம் மெய்யானது; அதற்கு விடை கூறாத கட்சி மக்களிடம் செல்லவியலாது என்று கருதினார்.

அவருடைய கொள்கை வருமாறு. 1920-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பத்தைவர் தென்மாநிலங்களில் வாழ்ந்தனர். பருத்தி விளையும் கரிய மண்ணால் பெயர்பெற்ற கறுப்பு வட்டாரத்தில் அவர்களே பெரும்பான்மையர். 1865-இல் அடிமை முறை ஒழிந்தபோது நிலம் அவர்களுக்குப் பங்கிடப்படவில்லை. பழைய ஆண்டையின் நிலத்தையே வாரத்திற்கு உழுது, அவன் கடையிலேயே கடன் வாங்கி, அறுவடைக்குப் பின்னும் கடன் தீராமல் கட்டுண்டு கிடந்தனர். வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. பொது நிலமும், பொது வரலாறும், பொதுப் பண்பாடும் உடைய அவர்கள் ஓர் ஒடுக்கப்பட்ட தேசம். ஆதலின் அந்நிலத்தில் தன்னாட்சி பெறவும், விரும்பினால் பிரிந்து செல்லவும் உரிமையுடையவர்கள் என்றார் ஹேவுட்.

பிரிந்துபோகும் உரிமை என்பது பிரிந்தே தீரவேண்டும் என்ற கட்டளையன்று. கூட்டுக் குடும்பத்தில் பாகம் கேட்கும் உரிமை தம்பிக்கு உண்டென்பதால் எல்லாத் தம்பியரும் பாகம் பிரித்துச் செல்வதில்லை. அவ்வுரிமை இருப்பதால்தான் தமையன் அவனைச் சமமாக நடத்துகின்றான். ஹேவுட்டின் கருத்தை நாம் இவ்வாறே விளங்கிக்கொள்கிறோம்.

1928-இல் மாஸ்கோவில் கூடிய பொதுவுடைமை அகிலத்தின் ஆறாவது மாநாட்டையொட்டி இக்கொள்கை ஏற்கப்பட்டது. 1930-இல் மற்றொரு தீர்மானம் அதனை விளக்கியது. இதில் ஒரு முரண்பாடு உண்டு. தாமே தீர்மானிக்கும் உரிமையைப் பற்றிய தீர்மானம், அம்மக்கள் வாழாத தொலைநகரில், அவர்களைக் கேளாமல் நிறைவேற்றப்பட்டது. ஓட்டோ ஹால் உட்படக் கறுப்பினத் தோழர் பெரும்பாலோர் முதலில் அதனை எதிர்த்தனர். எதிர்த்தோருள் ஒருவரான லவெட் ஃபோர்ட்-வைட்மன், பின்னாளில் ஸ்டாலின் ஆட்சியில் தண்டிக்கப்பட்டு, 1939-இல் கோலிமா சிறைமுகாமில் பட்டினியால் மாண்டார். ஹேவுட் ஸ்டாலின் வழியைக் கைவிடாதவர். அவரைப் போற்றும் நாம் இக்குறையை மறைத்தல் தகாது.

நிற்க. தீர்மானம் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. கறுப்பின மக்களின் துயரைத் தனிக் கடமையாக ஏற்குமாறு அது வெள்ளைத் தோழர்களை வற்புறுத்தியது. ஹார்லெம் நகர்ப்பகுதியில் பின்லாந்துத் தொழிலாளர் மன்றத்தின் நடனத்திற்கு வந்த கறுப்பினத்தார் இழிவாக நடத்தப்பட்டபோது, அதற்கு ஆதரவாகப் பேசிய யோக்கினன் என்னும் உறுப்பினரை 1931 மார்ச்சில் கட்சி பலரறிய விசாரித்து நீக்கியது. அதே மாதத்தில் அலபாமா மாநிலத்தில் ஒன்பது கறுப்பின இளைஞர்மீது பொய்க் குற்றம் சாட்டப்பட்டு, எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்காட்ஸ்பரோ வழக்கு எனப்படும் அவ்வழக்கைக் கட்சி சார்ந்த தொழிலாளர் பாதுகாப்புச் சங்கம் உலகறியச் செய்தது. அவ்விளைஞர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. அம்மாநிலத்திலேயே வார உழவர்கள் 1931-இல் சங்கம் அமைத்தனர். கேம்ப் ஹில் என்னுமிடத்தில் அவர்களின் தலைவர் ரால்ஃப் கிரே சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரும் சங்கம் வளர்ந்தது. இக்காலத்தில் ஹேவுட் கட்சியின் நீக்ரோ துறைக்குத் தலைமை தாங்கினார்.

1937-இல் ஸ்பெயின் நாட்டில் பாசிசத்தை எதிர்த்துப் போரிடச் சென்ற அவர், அங்கெழுந்த பூசல்களால் விரைவில் திரும்பினார். கட்சித் தலைமையிலிருந்தும் விலக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போரில் வணிகக் கப்பலில் பணிபுரிந்தார். 1944-இல் கட்சித் தலைவர் பிரவுடர், கறுப்பின மக்கள் ஒன்றி வாழ்வதையே தேர்ந்துவிட்டனர், ஆதலின் சுயநிர்ணயக் கோரிக்கை முடிந்தது என்று அறிவித்துக் கட்சியையே கலைத்தார். மறு ஆண்டு கட்சி மீண்டும் அமைந்தது. 1946-இல் பழைய கொள்கை மீண்டும் ஏற்கப்பட்டது. 1948-இல் ஹேவுட் நீக்ரோ விடுதலை என்னும் நூலை வெளியிட்டு, நிலப்பிரச்சினையே அனைத்திற்கும் வேர் என நிறுவினார்.

அதே 1946-இல் பொதுவுடைமையர் பெரும்பங்கு கொண்டிருந்த தேசிய நீக்ரோ காங்கிரசு ஐக்கிய நாடுகள் சபைக்கு முறையீடு அளித்தது. அதனை அறிந்த பாபாசாகேப் அம்பேத்கர், அம்முறையீட்டின் படிகளை வேண்டி அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதியதும், அவர் அன்புடன் மறுமொழி வரைந்ததும் நம் அன்பர்கள் நினைவுகூரத் தக்கவை.

1950-களில் கட்சி மீண்டும் மாறியது. உழவர் இலட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்குப் பெயர்கின்றனர். பருத்தி பறிக்க இயந்திரம் வந்துவிட்டது. இனிக் கறுப்பு வட்டாரம் ஏது என்று தலைவர்கள் வினவினர். அவ்வினா வலிவுடையது. 1970-இல் கறுப்பின மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே தெற்கில் இருந்தனர். ஹேவுட்டின் விடையும் எளிதில் தள்ளத்தக்கதன்று. மக்கள் நிலத்தைவிட்டு விரும்பிப் போகவில்லை, துரத்தப்பட்டுப் போகின்றனர். துரத்தப்பட்டமையே உரிமையை இழப்பதற்குக் காரணமாகுமா என்று கேட்டார். ஒமாகாவில் அடிபட்ட தந்தையின் மகனன்றோ அவர்? 1959-இல் கட்சி அவரை நீக்கியது, அக்கொள்கையையும் கைவிட்டது.

அறுபது வயதைக் கடந்தும் அவர் ஓயவில்லை. புதிய இளைஞர் இயக்கங்களோடு சேர்ந்து உழைத்தார். 1978-இல் கறுப்பு போல்ஷெவிக் என்ற தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1985 ஜனவரியில் மறைந்தார். முதல் உலகப் போர் வீரரென்னும் முறையில் அவருடைய சாம்பல் ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் வைக்கப்பட்டது. அந்நிலம் முன்னாளில் அடிமைகள் உழைத்த பண்ணையாகும்.

அவர் வகுத்த எல்லைகள் காலத்தால் மாறிவிட்டன. தனித் தேசம் அமையவில்லை. அவருடைய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்களின் கோரிக்கையைப் பெரிய போராட்டம் முடியும்வரை ஒத்திவைக்கச் சொல்வோர் எக்காலத்தும் உளர். அம்மக்களுக்கு யாது நன்மை என்பதை அவர்களைக் கேளாமலே முடிவு செய்வோரும் உளர். முன்னவர்க்கு ஹேவுட்டின் வாழ்வு விடையாகும். பின்னவர்க்கு அவர் கொள்கை பிறந்த முறையே எச்சரிக்கையாகும். இவ்விரண்டையும் ஒருங்கே மனங்கொள்வது நம் கடமை.