வாத்துக்குஞ்சுக் கதையை எழுதியவர்

போன பாடத்துல ஒரு படக்கதை படிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் கேலி செய்த அந்த வாத்துக்குஞ்சு கடைசியில் குனிஞ்சு தண்ணீரைப் பார்க்கும். அங்கே தெரிவது ஓர் அழகான அன்னம்! அந்தக் கதையை எழுதியவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன்.

அவர் 1805-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டில், ஓடென்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். அம்மா மற்றவர்களின் துணிகளைத் துவைத்துச் சம்பாதித்தார். அவருக்கு 11 வயதானபோது அப்பா இறந்துபோனார்.

14 வயதில் அவர் தனியாகத் தலைநகர் கோபன்ஹேகனுக்குப் போனார். மேடையில் பாடணும், நடிக்கணும்னு ஆசை. ஆனால் வளர வளரக் குரல் மாறிவிட்டது. நடிப்பும் சரியா வரலை. சரி, நாடகம் எழுதலாம்னு பார்த்தால் ஒரே எழுத்துப்பிழை! நாடக அரங்கின் இயக்குநர்களில் ஒருவரான யோனாஸ் கொலின் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு 17 வயசு. வகுப்பில் நீங்கதான் உயரம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு 11, 12 வயசுதான். எப்படி இருக்கும்? தமிழ்ப் பள்ளியில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோட உட்கார்ந்தவங்களுக்கு இது புரியும். (எனக்கு நல்லாவே புரியும்!) தலைமையாசிரியர் அவரை எல்லார் முன்னாலும் கேலி செய்தார். கவிதை எழுதவும் கூடாதுன்னு சொல்லிட்டார். ஆண்டர்சன் அழுதார், பயந்தார். ஆனால் படிப்பை விடவில்லை. 1828-இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார்.

1835-இல் அவருடைய முதல் குழந்தைக் கதைகள் வெளிவந்தன. மக்கள் வீட்டில் பேசுவது போலவே டேனிஷ் மொழியில் எழுதியிருந்தார். புத்தகத்துல இப்படியா எழுதுறதுன்னு சிலர் குறை சொன்னாங்க. அவர் மாற்றவில்லை. வாத்துக்குஞ்சுக் கதை 1843-இல் வந்தது. அது தன் சொந்தக் கதைதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1849-இல் வந்த பதிப்புக்கு வில்ஹெல்ம் பெடர்சன் என்ற கடற்படை அதிகாரி படம் வரைந்தார்.

ஆண்டர்சனுக்கும் படம் செய்யத் தெரியும், ஆனால் கத்தரிக்கோலால்! கதை சொல்லிக்கொண்டே காகிதத்தை மடித்து வெட்டுவார். என்ன வெட்டுறார்னு யாருக்கும் தெரியாது. கதை முடிந்ததும் விரித்துக் காட்டுவார். அன்னங்கள் இருக்கும், நடனமாடும் பெண்கள் இருப்பார்கள். அவர் 1875-இல் இறந்தார். அவர் வெட்டிய காகிதங்களில் சில ஓடென்ஸ் அருங்காட்சியகத்தில் இப்பவும் இருக்கு.