அல்-பிரூனி: ஒரே ஆளுக்குள் இருந்த பல துறைகள்

முஸ்லிம் விஞ்ஞானிகள் யார் யார் என்று வகுப்பில் கேட்டால் எமது பிள்ளைகள் தடையில்லாமல் பெயர்களை ஒப்புவிப்பார்கள். இப்னு சீனா, அல்-ஹவாரிஸ்மி, இப்னுல் ஹைதம், அல்-பிரூனி. மீலாத் விழாப் பேச்சிலும், தினப் போட்டிக் கட்டுரையிலும் இந்தப் பட்டியல் தவறாமல் வரும். அவர்களில் ஒருவர் ஒரு விடயத்தை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பெயர் எம்மிடம் இருக்கிறது, வேலை எம்மிடம் இல்லை. அதனால்தான் அல்-பிரூனியின் பெருமையை விட்டுவிட்டு, அவர் செய்த வேலையை மட்டும் இங்கே எழுத நினைத்தேன்.

அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்-பிரூனி ஹிஜ்ரி 362இல், அதாவது 973 செப்டம்பரில், குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரப் பகுதியில் பிறந்தார். இன்றைய உஸ்பெகிஸ்தானில், அரால் கடலுக்குத் தெற்கே உள்ள பிரதேசம் அது. அவருடைய தாய்மொழி குவாரிஸ்ம் மொழி. அரபியும் பாரசீகமும் அவர் படித்துப் பெற்றவை. இளவரசரும் கணித அறிஞருமான அபூ நஸ்ர் மன்ஸூர் அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

அவருடைய சிறு வயதில் ஊருக்கு ஒரு கிரேக்கர் வந்து தங்கியிருந்தார். சிறுவன் பிரூனி தானியங்களையும் விதைகளையும் பழங்களையும் செடிகளையும் அவரிடம் கொண்டுபோய், கிரேக்க மொழியில் அவற்றின் பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வார். இதை அவரே தமது முதுமையில் எழுதிய மருந்தியல் நூலின் முன்னுரையில் நினைவுகூர்கிறார். எண்பது வயதுக் கிழவர் எழுதிய நூலின் வேர் ஒரு சிறுவனின் கேள்வியில் இருந்தது என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பதினேழு வயதளவில் அவர் நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து காத் நகரத்தின் அகலக்கோட்டைக் கணித்தார். பிறகு பதினைந்து முழ விட்டமுள்ள ஒரு வளையக் கருவியைத் தயாரித்து ஒழுங்கான அவதானிப்புகளைத் தொடங்கினார். 995இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அவரை ஆதரித்த அரச வம்சம் வீழ்ந்தது. இருபத்திரண்டு வயதில் அவர் ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. பின்னர் திரும்பி வந்தார், மீண்டும் புறப்பட்டார். அவருடைய வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் போனது. ஆட்சிகள் மாறின, அவர் இடம் மாறினார், ஆய்வு மட்டும் நிற்கவில்லை.

997 மே மாதம் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அதற்கு முன்பே அவர் பக்தாதிலிருந்த அபுல் வஃபா என்ற வானியல் அறிஞருடன் பேசி வைத்திருந்தார். அவர் அங்கிருந்தும் இவர் காத் நகரிலிருந்தும் ஒரே கிரகணத்தைப் பார்த்து நேரத்தைக் குறிப்பது என்பது ஏற்பாடு. சந்திர கிரகணம் எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில் நிகழ்கிறது, உள்ளூர் நேரம்தான் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டு இரு நகரங்களுக்கும் இடையிலான நெடுங்கோட்டு வித்தியாசத்தைக் கணித்தார்கள். தொலைபேசியும் தந்தியும் இல்லாத காலத்தில் இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு நாடுகளிலிருந்து சேர்ந்து செய்த கூட்டு ஆய்வு அது.

அந்தக் காலப்பகுதியிலேயே புகாராவில் இருந்த இப்னு சீனாவுக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. இப்னு சீனா அவரைவிட ஏறத்தாழ ஏழு வயது இளையவர். அரிஸ்டோட்டிலின் வானியலையும் இயற்பியலையும் பற்றி அல்-பிரூனி 18 கேள்விகளை அனுப்பினார். பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது என்பது அவற்றில் ஒன்று. இப்னு சீனா விடையளித்தார், இவர் அந்த விடைகளையும் மறுத்தார். வாதம் சூடேறி, பின்னைய பதில்களை இப்னு சீனாவின் மாணவர் எழுதும் நிலை வந்தது. அரிஸ்டோட்டில் சொன்னார் என்பது அல்-பிரூனிக்கு ஓர் ஆதாரமாகப் படவில்லை. கருத்து வேறுபாட்டைப் பகையாகவே பார்த்துப் பழகிய எமக்கு, இரு பெரும் முஸ்லிம் அறிஞர்கள் இத்தனை காரசாரமாக மோதியும் அறிவுதான் வளர்ந்தது என்பது நல்ல பாடம்.

1000ஆம் ஆண்டளவில், காஸ்பியன் கடலோர ஜுர்ஜானில் இருந்தபோது, அவர் தமது முதல் பெரிய நூலை எழுதினார். பாரசீகர், ஸொக்தியர், குவாரிஸ்மியர், யூதர், கிறிஸ்தவர், கிரேக்கர், அரபிகள் எனப் பல சமூகத்தவரின் நாட்காட்டிகளையும் பண்டிகைகளையும் ஒப்பிடும் நூல் அது. வானியல் தெரியாமல் அதை எழுத முடியாது. வரலாறும் சமயங்களும் மொழிகளும் தெரியாமலும் எழுத முடியாது. அதில் கணிதம் எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது.

1017இல் கஸ்னியின் சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மைக் கைப்பற்றினார். அல்-பிரூனியும் அவருடைய ஆசான் அபூ நஸ்ரும் கஸ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மறு ஆண்டு காபூலுக்கு அருகில் ஒரு கிராமத்தில் அவர் தங்கியிருந்தபோது கையில் எந்தக் கருவியும் இல்லை. மனமும் உடைந்திருந்தது. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் ஒரு வட்டவில்லை வரைந்து, பாகைகளைக் குறித்து, அதையே கோணமானியாக்கிச் சூரியனின் உயரத்தை அளந்தார். ஆய்வுகூடம் இல்லை, உபகரணம் வரவில்லை என்று நாம் சொல்வதில் நியாயம் உண்டு. கிராமப்புறப் பாடசாலைகளின் குறைகளை நான் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் அந்தப் பலகையை ஒவ்வொரு விஞ்ஞான ஆசிரியரும் நினைவில் வைத்திருக்கலாம்.

சுல்தானின் படையெடுப்புகளால் அவருக்கு இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளில் தங்க வாய்ப்புக் கிடைத்தது. பஞ்சாபில், இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே பரந்த சமவெளியை நோக்கிய ஒரு மலையைக் கண்டார். பூமியை அளக்க அது போதும் என்று அவருக்குத் தோன்றியது. கலீஃபா மஃமூனின் காலத்து அறிஞர்கள் பாலைவனத்தில் வடக்கும் தெற்குமாக நடந்து பூமியை அளந்திருந்தார்கள். இவர் முதலில் மலையின் உயரத்தை அளந்தார், சுமார் 652 முழம் வந்தது. பிறகு உச்சியில் நின்று, தொடுவானம் கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்த்தார், 34 கலை வந்தது. பாகையில் பாதியைவிடச் சற்றே அதிகம். இந்த இரண்டு எண்களிலிருந்தும் முக்கோணவியல் மூலம் பூமியின் ஆரையைக் கணித்தார்.

அவருடைய விடை இன்றைய அளவுக்கு நூற்றுக்கு இத்தனை வீதம் சரி என்று சமூக ஊடகங்களில் அடிக்கடி பகிரப்படுகிறது. அவர் பயன்படுத்திய முழத்தின் நீளத்தை அறிஞர்கள் பலவிதமாக மதிப்பிடுகிறார்கள். ஆகவே அந்த வீதங்களை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆளும் ஒரு மலையும் ஒரு கருவியும் இருந்தால் பூமியை அளந்துவிடலாம் என்று அவர் கண்ட வழியே வியப்புக்குரியது. உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர் ஒருவருக்கு அந்தக் கணக்கு இன்றும் செய்யக்கூடியதுதான்.

இந்தியாவில் அவர் செய்த இன்னொரு வேலை இதைவிடக் கடினமானது. நடுவயதில் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். பண்டிதர்களைத் தேடிப் பிடித்துப் பாடம் கேட்டார். பதஞ்சலியின் யோக நூலை அரபிக்கு மொழிபெயர்த்தார். 1030 அளவில் இந்தியாவைப் பற்றிய தமது 80 அத்தியாய நூலை முடித்தார். தாம் ஏற்காத ஒரு சமயத்தைப் பற்றி எழுதும்போது, அந்த மக்களின் நூல்களில் உள்ளதை உள்ளபடியே வைப்பது, திரிக்காமல் இருப்பது, மறுப்பதற்காக எழுதாமல் இருப்பது என்று முன்னுரையிலேயே தமக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டார். மஹ்மூதின் படையெடுப்புகள் அந்நாட்டின் செழிப்பை அழித்ததையும், அதனால் மக்கள் மனதில் முஸ்லிம்கள் மீது வெறுப்பு வேரூன்றியதையும் எழுதத் தயங்கவில்லை. எமது நாட்டின் பெயரும் அந்நூலில் வருகிறது. ஸரந்தீபின் குடாவில் முன்னொரு காலத்தில் முத்துப் படுக்கைகள் இருந்தன, தம் காலத்தில் அவை கைவிடப்பட்டுவிட்டன என்று குறிப்பிடுகிறார்.

கல்வியைப் பற்றிப் பேசும்போது 1029இல் அவர் எழுதிய தஃப்ஹீம் என்ற நூலை விட முடியாது. ரைஹானா பின்த் அல்-ஹஸன் என்ற குவாரிஸ்ம் பெண்மணிக்காக எழுதப்பட்ட பாடநூல் அது. கேள்வியும் பதிலுமாக அமைந்தது. வடிவ கணிதத்தில் தொடங்கி எண் கணிதம், வானியல் என்று படிப்படியாக ஏறி, அக்காலத்தில் அதனோடு சேர்த்தே படிக்கப்பட்ட சோதிடத்தில் முடிகிறது. முன்னைய படியில் கால் ஊன்றாமல் அடுத்த படிக்குப் போகவிடாத ஒழுங்கு அதில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் பெண் விஞ்ஞானம் கற்கக் கேட்டிருக்கிறார், அக்காலத்தின் மிகப் பெரிய அறிஞர் அவருக்கென்றே உட்கார்ந்து பாடநூல் எழுதியிருக்கிறார். பெண் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று இன்றும் ஆங்காங்கே கேட்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

மார்க்கமும் விஞ்ஞானமும் அவரிடம் இரண்டு பைகளில் இருக்கவில்லை. கஸ்னியின் கிப்லாத் திசையைச் சரியாகக் கணிக்கும் தேவையையும் முன்வைத்து 1025இல் ஊர்களின் அமைவிடங்களைத் துணியும் ஒரு நூலை முடித்தார். தொழுகை நேரங்களுக்காக நிழல்களைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். நேரம் காட்டும் ஒரு கருவியில் ரோம மாதங்கள் பொறிக்கப்பட்டிருந்ததால் பள்ளிவாசலில் ஒருவர் அதை ஏற்க மறுத்தாராம். ரோமர்கள் உணவும் உண்கிறார்கள், நடக்கவும் செய்கிறார்கள், அப்படியானால் அவற்றிலும் அவர்களைப் பின்பற்றாமல் இரும் என்ற கருத்தில் அல்-பிரூனி அவருக்குப் பதில் சொன்னார்.

மாணிக்கக் கற்களைப் பற்றிய நூலில் அவருடைய பரிசோதனை மனம் தெளிவாகத் தெரிகிறது. மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் குருடாகிவிடும் என்று நூலுக்கு நூல் எழுதப்பட்டு வந்தது. அவர் மரகதங்களைப் பாம்பின் முன்னால் வைத்து ஒன்பது மாத காலம் பலவிதமாகச் சோதித்துப் பார்த்தார். பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அப்படியே எழுதி வைத்தார். உலோகங்களையும் கற்களையும் நீர் நிரம்பிய ஒரு கூம்புப் பாத்திரத்தில் இட்டு, வழிந்த நீரை நிறுத்து, அவற்றின் அடர்த்திகளை ஒப்பிட்டார். அவர் பெற்ற பல அளவுகள் இன்றைய அளவுகளுக்கு மிக நெருங்கியவை.

மஹ்மூதுக்குப் பின் வந்த சுல்தான் மஸ்ஊதின் பெயரால் அவர் தமது பெரிய வானியல் நூலை எழுதியபோது, சுல்தான் ஒரு யானைச் சுமை வெள்ளியைப் பரிசாக அனுப்பினார் என்றும், தமக்கு அது தேவையில்லை என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார் என்றும் யாகூத் எழுதுகிறார். அறுபதைத் தாண்டிய வயதில் மருத்துவர் அர்-ராஸியின் 184 நூல்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். அதோடு தாம் எழுதியவற்றையும் சேர்த்தார், 113 தலைப்புகள் வந்தன. அதற்குப் பின்னும் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை இன்று எமக்குக் கிடைக்கவில்லை.

கடைசி நூல் மருந்துகளைப் பற்றியது. பார்வையும் செவியும் மங்கிய நிலையில், ஒரு மருத்துவரின் உதவியோடு அதைத் தொகுத்தார். ஒவ்வொரு மூலிகைக்கும் அரபி, கிரேக்கம், சுரியானி, பாரசீகம், இந்திய மொழிகள் என்று பல மொழிப் பெயர்களைத் தந்தார். பெயர் மாறினால் மருந்து மாறும், மருந்து மாறினால் நோயாளி மடியலாம். அங்கே மொழி அறிவே மருத்துவமாக நின்றது.

எமது பிள்ளைகள் பதினாறு வயதில் க.பொ.த. உயர்தரத்துக்கு ஒரு பிரிவைத் தெரிகிறார்கள். பரீட்சை முறை அப்படி, அதை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு வரலாறு வேண்டாம் என்றோ, மத்ரஸாவில் ஓதும் பிள்ளைக்குக் கணிதம் வேண்டாம் என்றோ எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. அந்தச் சுவரை நாமே எழுப்பிக்கொண்டோம். அதை உடைக்கப் பெரிய பணம் தேவையில்லை. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையில் அஸர் நேரம் எப்படி வந்தது என்று மாணவர்களிடம் கேட்கலாம். முற்றத்தில் ஒரு தடியை நட்டு நிழலை அளக்கச் சொல்லலாம். அந்த ஒரு பாடத்தில் ஃபிக்ஹும் கணிதமும் புவியியலும் சேர்ந்து வரும்.

ஏறத்தாழ 1050ஆம் ஆண்டளவில் அவர் கஸ்னியில் காலமானார். இறுதி மூச்சு இழுத்துக்கொண்டிருந்த வேளையில் பார்க்க வந்த ஒரு சட்ட அறிஞரிடம், பாட்டிமாரின் வாரிசுரிமை பற்றி முன்பு பேசிய ஒரு மஸ்அலாவைத் திரும்பக் கேட்டதாக யாகூத் பதிவு செய்திருக்கிறார். இந்த நிலையிலா என்று வந்தவர் கலங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேல் அல்லவா என்பது அவருடைய எண்ணம். வந்தவர் விளக்கினார், இவர் கேட்டு மனதில் வைத்துக்கொண்டார். விடைபெற்று வீதிக்கு வந்த அறிஞரின் காதில், வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் விழுந்தது.